மறுமொழி: டெம்போவுக்குத் தமிழ் – நான் ‘செலவு’ பக்கம்

குழுவினருக்கு வணக்கம்.

நம் இசை அகராதியில் டெம்போவுக்கு, அதாவது மேற்கத்திய இசையில் ஒன்றை எவ்வளவு விரைவாக வாசிப்பது என்பதற்கு, என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இந்த இழையை நாலு நாளாகப் படிக்க மட்டும்தான் முடிந்தது. பெரிய வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைக்கும் கும்பிடு. பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கி, நேற்று மாலைதான் கடைசி வண்டி கிளம்பியது. வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பார்த்தேன், அதைக் கீழே சொல்கிறேன், நம் விவாதத்துக்கு அது வேண்டியிருக்கிறது.

முதலில் சிங்கப்பூர்த் தம்பிக்கு.

> டெம்போ என்றே விட்டுவிடலாமே, இல்லாவிட்டால் வேகம். எதற்கு இவ்வளவு சுற்று?

டெம்போ என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டி. அது கிடக்கட்டும். வேகம் என்று போட்டால் புரியும்தான் தம்பி, ஆனால் தப்பாகப் புரியும். வேகம் ஓர் எண்ணில் அடங்கிவிடும். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்செல் காப்புரிமை வாங்கியது 1815இல். இரண்டே வருடத்தில், 1817இல், பீத்தோவன் அதுவரை எழுதியிருந்த எட்டு சிம்பொனிகளுக்கும் (பெரிய வாத்தியக்குழுவுக்குப் பல பகுதிகளாக எழுதும் இசை) எண் போட்டு அச்சில் கொடுத்துவிட்டார். ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதிக்கு, நிமிடத்துக்கு 108 அரை நோட்டு (சுர நீளத்தின் ஓர் அளவு). இதற்குமேல் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வது? இருந்தும் இன்றுவரை சண்டை ஓயவில்லை. அவருடைய கருவியே கோளாறு என்பார்கள், காது கேளாதவர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த கணக்கு மேடைக்கு ஒத்துவராது என்பார்கள், இல்லையில்லை எண்படிதான் வாசிக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். ஆக, தாளில் இருக்கும் எண்ணுக்கு வேகம் என்ற சொல்லே போதும், அதில் எனக்குத் தகராறு இல்லை. அந்தத் தாளை எதிரே வைத்துக்கொண்டு ஒருவர் எடுக்கிறாரே, அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் அடாஜியெட்டோ என்று ஒரு பகுதி, தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும். தலைப்பிலேயே ஜெர்மனில் ‘மிக மெதுவாக’ என்று எழுதியிருக்கிறார். வாத்தியக்குழுவை நடத்தும் கண்டக்டர்கள் இதை எடுத்த விதத்தைப் பாருங்கள். மெங்கல்பெர்க் 1926இல் பதிவு செய்தபோது ஏழு நிமிடம் சொச்சத்தில் முடித்துவிட்டார். 1938இல் புரூனோ வால்ட்டர் ஏறக்குறைய எட்டு. பெர்ன்ஸ்டைன் பதினொன்று. 1988இல் பெர்லினில் ஹைட்டிங்க் பதினாலைத் தொடுகிறார்! திரும்ப வாசிக்கும் இடம் எதுவும் அதில் கிடையாது, அதனால் இந்தக் கணக்கு நேர்மையான கணக்கு. (பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை நிமிடம் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் முதல் பகுதியில் திருப்பி வாசித்தார்களா என்று பார்த்துவிட்டுப் பேசவும், போன மாதம் இதே குழுவில் நானே அதில் வழுக்கி விழுந்தேன்.) மெங்கல்பெர்க்கும் வால்ட்டரும் மாலருடன் பழகியவர்கள். அது மனைவி ஆல்மாவுக்கு மாலர் எழுதிய காதல் கடிதம் என்று மெங்கல்பெர்க் தன் பிரதியில் குறித்து வைத்திருக்கிறார். அதையே 1968இல் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைன் நடத்தினார், அன்றுமுதல் பலருக்கு அது இழவு வீட்டு இசை. சுரத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. ஏழு நிமிடத்தில் கேட்டால் ஒருவன் காதலைச் சொல்ல வந்து மூச்சு முட்ட நிற்கிறான், பதினாலில் கேட்டால் சொல்லவேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை ‘வேகம் குறைவு’ என்று எழுதினால் ஏதாவது சொன்ன மாதிரி இருக்கிறதா?

சரி, பெரிய வீட்டுக்கு வருகிறேன். படைப்பு முடிந்து ஜமுக்காளம், பெஞ்சு எல்லாம் எடுத்தபிறகு முகப்புக் கூடம் வெறிச்சென்று இருந்தது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசின சுவர், இன்னும் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கிறது, தரை கல், மேலே தேக்கு. கைதட்டினால் ஒலி அடங்க நேரம் பிடிக்கும். ஒலிபெருக்கியை வைத்து பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் மெதுவான பகுதியைப் போட்டேன், முதலில் டாஸ்கனினி நடத்திய 1952 பதிவு, பதினாலு நிமிடம் சொச்சம். அப்புறம் பர்ட்வெங்லர் 1951இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்தியது, இருபதை நெருங்குகிறது. காதில் மாட்டிக் கேட்கும்போது இரண்டாமவர் எனக்கு எப்போதும் இழுவை, பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனால் அந்தக் கூடத்தில் டாஸ்கனினியின் வயலின்கள் அலங்கரிக்கும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிப்போயின, ஒரு சுரம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. பர்ட்வெங்லர் போட்டதும் தெளிந்துவிட்டது. கூடம் முடித்துக்கொள்ள இடம் கொடுத்துவிட்டு அவர் அடுத்ததற்குப் போகிறார். மண்டபத்தின் ஒலியைப் பார்த்துத்தான் டெம்போவை முடிவுசெய்ய வேண்டும் என்று கண்டக்டர் செலிபிடாக்கே சொல்லிக்கொண்டே இருந்தார், ஒலிப்பதிவே வேண்டாம் என்றதற்கும் அதுவே காரணம். நான் அதை வீம்பு என்று நினைத்திருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் விளக்குமாறோடு நின்று கேட்டுவிட்டு, “முன்னாடி போட்டதவிட இது மெதுவா இல்ல தம்பி, கனமா இருக்கு” என்றார். அவருக்குப் பீத்தோவன் யாரென்று தெரியாது.

> காலப்பிரமாணம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? காரைக்குடிக்காரர் நீங்களே கேட்கலாமா?

கோட்டையூர் அண்ணன் குத்துவதும் நியாயம்தான். கர்நாடக இசையில் எடுத்துக்கொண்ட வேகத்துக்குக் காலப்பிரமாணம் என்றுதான் பெயர். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணை என்றாலே நிதானமான, அசையாத காலப்பிரமாணம் என்பார்கள். அந்த ‘அசையாத’தான் எனக்கு இடிக்கிறது அண்ணே. நம் கச்சேரியில் எடுத்த காலத்தைக் கடைசிவரை காப்பாற்றுவது யோக்கியதை, ஓடிவிட்டால் குற்றம். சிம்பொனியில் பர்ட்வெங்லர் மாதிரி ஆட்கள் ஓடவும் செய்வார்கள், தேங்கவும் செய்வார்கள், அதற்காகத்தான் அவரைக் கேட்கவே போகிறோம். எங்கள் ஆயா தாலாட்டுப் பாடும்போது இப்படித்தான், பிள்ளை வீறிட்டால் தொட்டில் கை விரசாகும், பாட்டும் கூடவே ஓடும், கண் சொருகச் சொருக ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தொட்டில் கம்பியின் கிறீச் மட்டும் கேட்கும். அதைக் காலப்பிரமாணம் தவறியது என்று யாராவது சொல்வார்களா?

தேவகோட்டை ஆச்சி சொன்ன ‘நடை’ நல்ல சொல், முதலில் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். ஆனால் திஸ்ர நடை, கண்ட நடை என்று, தாளத்தின் ஓர் அடியை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிக்கும் வேறு வேலைக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. மிருதங்கக்காரர் ஒருவர் நம் அகராதியைத் திறந்தால் நாம் தொலைந்தோம்.

அதனால்தான் ‘செலவு’. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கி மீட்டும் இடத்தில் பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்று எட்டு வருகிறது. அங்கே அது வாசிக்கும் முறை, டெம்போ அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல்நடை, வாரம், கூடை, திரள் என்ற நான்கு இயக்கங்களை, அதாவது பாட்டின் போக்குகளை, சொல்லும் பழைய உரையில் முதல்நடையைத் ‘தாழ்ந்த செலவு’ என்கிறார்கள், அங்கே பொருள் நமக்கு வேண்டிய இடத்துக்கே வந்துவிடுகிறது. செல்வது செலவு, அவ்வளவுதான்.

> செலவு என்றால் ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம்தான் வருகிறது. மக்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு நான் இதற்கு வெட்கப்படுவதா? எனக்கு அந்த இரண்டாவது பொருள்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. மாலர் எல்லாருக்கும் ஒரே சுரங்களைத்தான் கொடுத்தார். மெங்கல்பெர்க் அதற்கு ஏழு நிமிடம் செலவழித்தார், ஹைட்டிங்க் பதினாலு. எங்கே சிக்கனம் பிடிக்கிறார், எங்கே தாராளமாக விடுகிறார் என்பதுதானே ஆளுக்கு ஆள் வித்தியாசம். பீத்தோவன் போட்ட எண் ‘குறித்த செலவு’, மேடையில் வந்தது ‘ஆன செலவு’. கல்யாணச் செலவுக்கு எழுதிப் பார்க்கும் துண்டுத்தாளும் கடைசியில் ஆகிற தொகையும் எங்கே ஒத்துப்போயிருக்கிறது?

இந்தச் சொல்லை வைத்தால் கூட நாலு சொல் தானாக வந்து சேர்கிறது பாருங்கள். நேரத்தை அங்கங்கே கூட்டியும் குறைத்தும் வாசிப்பதற்கு ருபாட்டோ என்று பெயர், இத்தாலியனில் ‘திருடிய’ என்று பொருள்படும், ஓரிடத்தில் எடுத்த நேரத்தை இன்னோரிடத்தில் திருப்பிவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் அது திருட்டா? அது கைமாற்று. ருபாட்டோவுக்குக் ‘கைமாற்று’ என்று வைக்கலாம். படிப்படியாக வேகம் ஏறுவதற்கு ‘முடுகல்’, திருப்புகழ் பாடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு சுரத்தில் அளவில்லாமல் நிறுத்திப் பிடிக்கச் சொல்லும் பெர்மாட்டா குறிக்கு, சிரிக்காதீர்கள், ‘செலவழுங்கல்’. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தலைவி முகத்தைப் பார்த்துவிட்டு வாசலில் தயங்கி நிற்பானே, அகப்பாட்டில் அதற்குப் பெயர் அது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் நாலு சுரத்தைக் கேளுங்கள், நாலாவதில் எண்ணிக்கை இல்லாமல் நிற்கிறது. எவ்வளவு நேரம் நிற்பது என்று எந்த மெட்ரோனோமும் சொல்லாது.

இன்டர்பிரட்டேஷனுக்கு ‘பொருள்கோள்’, ‘இசையுரை’ எல்லாம் இழுக்க வேண்டியதில்லை. ‘வாசிப்பு’ போதும். புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம், இரண்டுக்கும் ஒரே வினை நம்மிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வேறு தேடுவது வீண். “கிளைபரின் வாசிப்பு” என்று எழுதினால் அவர் பீத்தோவனைப் படித்த விதமும் அடங்கும், ஒலித்த விதமும் அடங்கும். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். கண்டக்டருக்கு ‘நடத்துநர்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், பையில் சில்லறையோடு மேடை ஏறுகிற மாதிரி இருக்கிறது.

பதிவில் இப்படி வரும்: “வால்ட்டரின் வாசிப்பில் செலவு குறைவு, கைமாற்றும் அதிகமில்லை, ஆனால் கடைசி வரியில் ஒரே ஒரு செலவழுங்கல், அதில் நம் கதை முடிந்தது.” உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அகராதிப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன். மூவ்மெண்டுக்கு நான் மேலே ‘பகுதி’ என்று போட்டிருப்பது தற்காலிகம்தான், அதற்குத் தேவகோட்டை ஆச்சி தனி இழை தொடங்கினால் நல்லது, என்னால் இந்த வாரம் இன்னொரு சண்டை தாங்காது.

காரைக்குடியிலிருந்து