முன்சீப் கோர்ட் நீதிபதியை ஊர் முகாமுக்கு அழைக்க என்ன முறை?

பூவரசு:
எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் சார்பில் சட்ட விழிப்புணர்வு முகாம் வைக்கலாம் என்று இருக்கிறோம். தாலுகா தலைநகரில் உள்ள முன்சீப்பை அழைக்கலாமா? அழைப்பிதழும் சால்வையுமாக நாலு பேர் நேரில் போவதுதானே மரியாதை? செக் கேஸ் (பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கு), பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று ஊரில் நிறையக் கிடக்கிறது. முகாமிலேயே பேசி முடித்து வைப்பாரா? முன்சீப் ஆவது எப்படி என்று பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

மூன்றாம்வாய்தா:
நேரில் போகாதீர்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கு அதே கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் முன்சீப்புக்குத்தான் தர்மசங்கடம். கடிதத்தை ‘தலைவர், வட்ட சட்டப் பணிகள் குழு’ என்று முகவரியிட்டு, கோர்ட் வளாகத்திலுள்ள குழு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, அந்த எல்லைக்குள் பணியாற்றும் மூத்த நீதித்துறை அலுவலர்தான் குழுவின் தலைவர். ஊரில் சார்பு நீதிமன்றம் இருந்தால் சார்பு நீதிபதி, இல்லாவிட்டால் முன்சீப். அந்தப் பொறுப்பில்தான் அவர் உங்கள் ஊருக்கு வருவார், சிறப்பு விருந்தினராக அல்ல. சால்வையை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமையோ, வேலைநாள் என்றால் மாலை 5 மணிக்கு மேலோ கேளுங்கள். தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத், சமரசத்தில் வழக்கு முடிக்கும் அமர்வு) ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் இரண்டாம் சனிக்கிழமையில் வரும். அதில் மோதாமல் பாருங்கள். இடம் பள்ளிக்கூடமாக இருக்கட்டும். அரசியல் கட்சிக்காரரின் கல்யாண மண்டபம், சாதிச் சங்கக் கட்டடம் இரண்டுமே வேண்டாம். பேனரில் நன்கொடையாளர் படம் இருந்தால் வருகை ரத்தாகக்கூடும்.

பேச்சு அரை மணி நேரம் போதும். மனு எழுதும் மேசைதான் முக்கியம். சட்டத் தன்னார்வலர்கள் இருவரை அனுப்பும்படி அதே கடிதத்திலேயே கேளுங்கள். மக்கள் ஆதார், பட்டா, பத்திரம் இவற்றின் ஜெராக்ஸ் கொண்டுவரட்டும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

பூவரசு:
அப்படியானால் வரப்புத் தகராறு அங்கேயே முடியாதா?

கூட்டுமெமோ:
முடியாது, முடிக்கவும் கூடாது. நாளைக்கு அதே தகராறு வழக்காகி அந்த முன்சீப் முன்னாலேயே வரலாம். முகாமில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் எதிர்த்தரப்புக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விடும்.

முறை இதுதான்: வழக்கு போடும் முன்னரே குழுவிடம் மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. மனு மக்கள் நீதிமன்றத்துக்குப் போகும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர் வராவிட்டாலோ, ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அத்தோடு சரி. மக்கள் நீதிமன்றம் சமரசத்தைப் பதிவு செய்யுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. 2008-இல் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு இடமில்லாத குற்ற வழக்குகளை அங்கே எடுக்கவே மாட்டார்கள்.

ஒத்துக்கொண்டால் வரும் அவார்டு (சமரச உத்தரவு) சிவில் கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம். அப்பீல் கிடையாது. நிலுவை வழக்காக இருந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

சொதப்புவது வாசகத்தில்தான். ‘எதிர்மனுதாரர் 80,000 ரூபாய் தரச் சம்மதித்தார்’ என்று மட்டும் எழுதினால் எப்போது, எப்படி என்று நிறைவேற்று மனுவில் (அவார்டை அமல்படுத்தக் கேட்கும் மனு) மறுபடி சண்டை. ‘மாதம் 8,000 வீதம் 10 தவணை, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள், இன்ன வங்கிக் கணக்கில், இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் ஒரே தொகையாக வசூல்’ என்று இருக்க வேண்டும். நிலம் என்றால் சர்வே நம்பர், உட்பிரிவு, நான்கெல்லை, கூடவே சர்வேயர் அளந்த வரைபடம். சமரசத்தில் வழக்குக்கு வெளியே உள்ள சொத்தைச் சேர்த்தால் பத்திரப் பதிவு தேவைப்படும். இது பலருக்கும் கடைசியில்தான் தெரிகிறது. மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாத ராஜி (சமரசம்) நிற்காது.

செக் கேஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குழுவிடம் மனு கொடுத்தாயிற்று என்று கெடுவை விட்டுவிடாதீர்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எதிராளிக்கு நோட்டீஸ். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அது முடிந்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தக் கணக்கு தனியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

கருப்புகோட்டு:
பிள்ளைகளுக்கான பகுதி: சட்டப் படிப்பு முடித்த கையோடு முன்சீப் ஆகலாம் என்று பழைய துண்டுப் பிரசுரங்களில் இருக்கும், அதைக் கொடுத்துவிடாதீர்கள். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டது. பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தந்து, அதில் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். பொறுப்பேற்கும் முன் ஓராண்டு பயிற்சியும் உண்டு.

தேர்வு நடத்துவது டி.என்.பி.எஸ்.சி.: முதல்நிலை, முதன்மை, நேர்முகம். முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாளைத் துச்சமாக நினைக்கக் கூடாது. சாட்சி வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்க்க வேண்டும். ‘செக்குபந்தி’க்கு (நிலத்தின் நான்கெல்லை) அர்த்தம் தெரியாதவர் அங்கே திணறுவார். முன்சீப்புக்கு அடுத்து சார்பு நீதிபதி, அதற்கு மேல் மாவட்ட நீதிபதி.

முன்சீப்புகளுக்கு இடமாற்றமும் அடிக்கடி வரும். அதனால் முகாமில் வாங்கும் ஒவ்வொரு மனுவுக்கும் அன்றைக்கே பதிவு எண் கேட்டு, ஒரு நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்து வருகிற அலுவலரிடம் எண்ணைச் சொன்னால்தான் மனுக் கட்டு கிடைக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அதையும் 15100 என்ற உதவி எண்ணையும் பேனரில் பெரிதாகப் போடுங்கள்.