அம்மாவுக்கு மாலையானால் வயிறு ஊதிவிடுகிறது, பி12 வேறு குறைவு. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்குமா?

வைகைக்கரை:

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து 16 வருடம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கென்று எப்போதோ எழுதிக்கொடுத்த பேன்டோபிரசோலை ஏழெட்டு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவருகிறார். நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாக இந்தத் தொல்லை. காலையில் எழும்போது வயிறு சாதாரணமாக இருக்கும். மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் உப்பத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டால் கல் மாதிரி இருக்கும். பாவாடை நாடாவை ஒரே நாளில் மூன்று தடவை தளர்த்திக் கட்டுகிறார். வயிற்றுக்குள் கடமுட என்று உருளுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கிறது. வாரத்தில் நான்கு நாள் தண்ணீராகப் போகிறது. எடை 6 கிலோ குறைந்துவிட்டது. பாதம் மரத்துப்போகிறது என்றார், சர்க்கரைதானே என்று விட்டுவிட்டோம். போன மாத ரத்தப் பரிசோதனையில் பி12 140தான், ஃபோலேட் மட்டும் வரம்புக்கு மேல்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் கேஸ் ட்ரபிள், வயதானால் அப்படித்தான் என்று சிரப் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். அதைச் சாப்பிட்டதும் அம்மா வேறு ஆளாகிவிட்டார், உப்பலே இல்லை. மூன்றே வாரத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. அதே மாத்திரையை மருந்துக்கடையில் நாங்களாகவே மறுபடி வாங்கிக் கொடுத்தோம், இந்த முறை பாதிதான் கேட்டது. "கல்யாண வீட்டுக்குப் போகவே பயமா இருக்குடி" என்கிறார்.

இது சிபோ என்கிற அந்த பாக்டீரியா பெருக்கமா? எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? அந்த மாத்திரையை இன்னொரு தடவை கொடுக்கலாமா?

பொருநை:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். நான் அதே தப்பைச் செய்தவன். 2016இல் எனக்குக் குடல் டிபியால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை, அது பெருங்குடலோடு சேருமிடத்து வால்வோடு சேர்த்து, வெட்டி எடுத்தார்கள். அடுத்த வருடமே நீங்கள் சொல்லும் அதே உப்பல், அதே ஓட்டம். ஆன்டிபயாடிக் போட்டால் அடங்கும், விட்டால் வரும். நான்கு தடவை நானாகவே வாங்கிப் போட்டபிறகுதான் ஒரு டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்.

பெருங்குடல் பாக்டீரியாவின் வீடு. சிறுகுடலில் அவை கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். மேலிருந்து இறங்குவதை வயிற்று அமிலம் கொல்கிறது, பித்தநீரும் வளரவிடாது. கீழிருந்து ஏறிவராமல் வால்வு தடுக்கிறது. இதோடு, நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை, வாசல் பெருக்குகிற மாதிரி ஓர் அலை குடலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போகும். எனக்கு வால்வு போய்விட்டது. உங்கள் அம்மாவுக்கு அமிலத்தை மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. 16 வருடச் சர்க்கரை குடல் நரம்பைத் தளர்த்தியிருந்தால் அந்த அலையும் பலவீனமாக இருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். காரணம் அப்படியே இருக்கும்வரை ஆன்டிபயாடிக் தற்காலிக நிம்மதிதான்.

ஆய்வுக்கூடத்து ஆள்:

வைகைக்கரை அக்கா, குடல் நோய்ப் பிரிவில் ப்ரெத் டெஸ்ட் எடுப்பது என் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் என் கண்ணில் பட்டது பி12 குறைவு, ஃபோலேட் அதிகம் என்ற ஜோடி. சிறுகுடலில் பெருகும் பாக்டீரியா நம் பி12ஐத் தின்றுவிடும், ஃபோலேட்டை உற்பத்தி செய்து தரும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும், வயிற்றுப்போக்கும் தரும். சத்து மாத்திரை போட்டாலும் ஃபோலேட் ஏறும். அம்மா பி காம்ப்ளெக்ஸ் ஏதாவது சாப்பிடுகிறாரா? கால் மரப்பைச் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள், பி12 குறைந்தாலும் மரக்கும். அதற்கு ஊசி போடுவதை டெஸ்ட் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.

ப்ரெத் டெஸ்ட் என்றால், குளுக்கோஸோ லாக்டுலோஸோ குடிக்கவைத்து 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதவைப்போம். மனித செல் ஹைட்ரஜன் தயாரிக்காது, பாக்டீரியாதான் தயாரிக்கும். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பி.பி.எம். ஏறினால் பாசிட்டிவ். மீத்தேன் எந்த நேரத்திலும் 10ஐத் தொட்டால் அது தனி வகை, அதில் பெரும்பாலும் மலச்சிக்கல்தான் இருக்கும். குளுக்கோஸ் என்றால் 75 கிராம் குடிக்க வேண்டும், சர்க்கரை எகிறும். அதனால் லாக்டுலோஸ் முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் ஒரு குறை உண்டு: குடல் வேகமாகத் தள்ளுகிறவர்களுக்கு அது சீக்கிரமே பெருங்குடலை அடைந்து பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.

ஆன்டிபயாடிக் போட்டு நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முந்தைய நாள் வெறும் வெள்ளைச் சோறு, முட்டை, மீன் மட்டும். பருப்பு, காய், பால், கோதுமை எதுவும் கூடாது. பிறகு 12 மணி நேரப் பட்டினி. கிளிமிபிரைடை அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பட்டினியில் அதைப் போட்டு மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வழியில் ஒரே ஒரு வாய் சுண்டல் தின்றதைக் கடைசியில் சொன்னார். டெஸ்ட் வீண்.

இன்னொன்று. 1960களிலும் 70களிலும் வேலூர் சி.எம்.சி.யில் பேக்கர், மாத்தன் முதலியவர்கள் ஸ்ப்ரூ என்ற சத்து உறிஞ்சாத நோயை ஆராய்ந்தபோது, நோயில்லாத நம் ஊர்க்காரர்களின் மேல்குடலிலும் பாக்டீரியா கணிசமாக இருப்பதைப் பார்த்தார்கள். 1972இல் அது வெளிவந்தது. டெஸ்டில் வரும் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். 61 வயதில் 6 கிலோ எடை குறைவு என்றால் ப்ரெத் டெஸ்டுக்கு முன்பே குடல் மருத்துவரைப் பார்த்து கொலோனோஸ்கோப்பி, தைராய்டு, கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தம், காய்ச்சல் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

வைகைக்கரை:

ரத்தம், காய்ச்சல் இல்லை. சத்து மாத்திரையும் இல்லை. சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இறங்கிவிடும் என்று பயந்து இரண்டு மணிக்கொரு தடவை ஏதாவது சாப்பிடுவார். சுகர்ஃப்ரீ பிஸ்கட், சுண்டல், பால். இரவுக்கு மூன்று சப்பாத்தி.

அளவுச்சாப்பாடு:

நான் உணவியல் ஆலோசகர். அம்மா சர்க்கரைக்கு நல்லதென்று நினைத்துச் சாப்பிடுவதெல்லாம் இந்த வயிற்றுக்கு எதிராக அமைந்துவிட்டது. சுகர்ஃப்ரீ பிஸ்கட் பலவற்றில் மால்டிடால், சார்பிடால் என்ற இனிப்பூட்டிகள் இருக்கும். அவை சரியாக உறிஞ்சப்படாமல் பாக்டீரியாவுக்குத் தீனியாகும், பேதியும் ஆகும். கவரைத் திருப்பிப் படியுங்கள். முதலில் அதை நிறுத்துங்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பால் ஆகியவற்றிலும் புளித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த குறை ஃபாட்மேப் உணவுமுறை இவற்றைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான். நிரந்தரப் பத்தியமாக்கிவிடாதீர்கள், ஏற்கெனவே இளைத்த உடம்பு.

பூண்டு வாசனை வேண்டுமென்றால் முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாயு தரும் சத்து எண்ணெயில் கரையாது. ரசத்தில் போட்டு எடுத்தால் பலனில்லை, தண்ணீரில் கரைந்துவிடும். சின்ன வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாக. இட்லி, முட்டை, மீன், கேரட் எல்லாம் ஆகும்.

பொருநை சொன்ன அலை, வாயில் ஏதாவது போட்டதும் நின்றுவிடும். இரண்டு மணிக்கொரு பிஸ்கட் என்றால் குடலுக்குப் பெருக்கவே நேரமில்லை. ஆனால் கிளிமிபிரைடு உள்ளவர் தானாக இடைவெளியை நீட்டக்கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தை டாக்டர் மாற்றித் தந்த பிறகுதான் நான்கு மணி நேர இடைவெளி.

வைகைக்கரை (இரண்டு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நடந்ததை எழுதுகிறேன். கொலோனோஸ்கோப்பி, தைராய்டு, சீலியாக் எல்லாம் சரி. லாக்டுலோஸ் டெஸ்டில் ஹைட்ரஜன் 6இல் தொடங்கி 75ஆவது நிமிடத்தில் 41. ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக் 550 மி.கி., நாளைக்கு மூன்று, 14 நாள். பேன்டோபிரசோல் அவருக்குத் தேவையே இல்லை என்று சொல்லிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய முதல் இரண்டு வாரம் எரிச்சல் முன்பைவிட அதிகம், அது இயல்புதான், அடங்கும் என்றார் டாக்டர். அடங்கியது. மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாயிற்று, கிளிமிபிரைடுக்குப் பதில் வேறு மாத்திரை. பி12 ஊசி ஓடுகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து மாலையில் நாடாவைத் தளர்த்தவில்லை. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. கால் மரப்பு அப்படியேதான். திரும்பி வருமா?

பொருநை:

வரலாம். ரிஃபாக்ஸிமினில் குணமானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் இத்தாலிய ஆய்வில் 9 மாதத்தில் 100க்கு 44 பேருக்குத் திரும்பியது. எனக்கு வால்வு இல்லாததால் வருடத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. உங்களுக்கு பேன்டோபிரசோல் என்ற காரணம் ஒன்று விலகியிருக்கிறது, அது பெரிய விஷயம். நாட்குறிப்பு மாதிரி எழுதிவையுங்கள், வந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

வைகைக்கரை:

எழுதுகிறோம். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: சின்ன வெங்காயச் சாம்பார் எப்போது?

அளவுச்சாப்பாடு:

இந்த ஞாயிற்றுக்கிழமை, அரைக் கரண்டி, மதியம். அன்றைக்கு வேறு எதுவும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.