ஜீப்பில் ஹீட் முள் கீழே இறங்கியது, இன்ஜின் கொதித்தது. டெம்பரேச்சரை நம்பகமாகப் பார்க்க என்ன வழி?

கானாடுகாத்தான் ஜீப்:
வணக்கம். என் வண்டி 1997 மாடல் டீசல் ஜீப், 4x4. ஏசி கிடையாது, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, டேஷ்போர்டில் ஒரு ஹீட் மீட்டர் மட்டும். ஆறு வருடமாக அந்த முள் பாதிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும், வெயிலோ மழையோ அசையாது, அதனால் எல்லாம் சரி என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கொடைக்கானலில் ஒரு வீட்டு வேலைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போனேன், 400 கிலோவுக்குக் குறையாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது முள் பாதிக்கு மேல் வந்தது. டம்டம் பாறை தாண்டியதும் தானாகக் கீழே இறங்கியது. காற்று குளிர்ந்துவிட்டது, இன்ஜினும் ஆறிவிட்டது என்று நினைத்து செகண்ட் கியரிலேயே விரட்டினேன். இரண்டு வளைவு தாண்டியதும் பானட் இடுக்கில் ஆவி. இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளாம்ப் பக்கத்தில் கிழிந்திருந்தது, உள்ளே தண்ணீரே இல்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஹோஸை வெட்டிக் கட்டி, தண்ணீர் ஊற்றி எப்படியோ வந்து சேர்ந்தேன்.

இப்போது ஹோஸ் புதிது. ஆனால் முள்ளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எத்தனை டிகிரி என்று நம்பரில் காட்டும் மீட்டர் போட வேண்டும். சென்சாரை எங்கே வைப்பது, எத்தனை டிகிரியில் அலாரம் வைப்பது? தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் டீசல்:
தம்பி, முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அந்த ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தால் மீட்டர் போட்டும் பயனில்லை. மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வரை கொதிக்காது. மூடி பிடிக்கவில்லை என்றால் நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும், கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் மட்டும் கொதிக்கிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது மூடியில்தான். சூடாக இருக்கும்போது மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், முகத்தில் அடித்துவிடும்.

காரைக்குடி ரோட்டோரம்:
தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றிப் போட்டுவிடுங்கள் ப்ரோ. என் வண்டியில் கழற்றி மூன்று வருடம் ஆகிறது, ஹீட்டே ஏறுவதில்லை.

தேவகோட்டை பழைய ஃபிட்டர்:
மேலே தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். அதை எடுத்துவிட்டால் சமதரையில் இன்ஜின் சூடேறவே ஏறாது, டீசல் சரியாக எரியாது, புகையும் தேய்மானமும் கூடும். இன்னொன்று, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சும்மா ஓட்டும்போது தெரியாது, பாரம் ஏற்றி மேடு ஏறும்போதுதான் தெரியும்.

கானாடுகாத்தான் தம்பிக்கு. உங்கள் மீட்டர் இறங்கியதில் அதிசயம் இல்லை. அந்த சென்சார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீர் ஓடிப்போனால் அது காற்றில் நிற்கும். காற்று சூட்டை அவ்வளவாகக் கடத்தாது, அதனால் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் தீய்ந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கும். ஆவி பட்டால் சில நேரம் சட்டென்று ஏறும். ஆகவே ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது காரணம் இல்லாமல் முள் இறங்கினால் அதுதான் ஆபத்து, உடனே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். நீங்கள் புதிதாகப் போடுகிற நம்பர் மீட்டரையும் தண்ணீருக்குள்ளேயே வைத்தால் இதே கதைதான், நம்பரில் பொய் சொல்லும்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். வளைய முனையுள்ள சென்சார் வாங்கி, சிலிண்டர் ஹெட்டில் ஏதாவது ஒரு சின்ன பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் மாட்டுங்கள். ஹெட் போல்ட்டைத் தொட வேண்டாம், அதன் முறுக்கு கெடும். இரும்பின் சூடு தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரியும். இரண்டாவது, ரேடியேட்டர் மேல் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கிற சென்சார், குறைந்தால் பஸ்ஸர் அடிக்கிற மாதிரி. என்னைக் கேட்டால் டெம்பரேச்சர் மீட்டரைவிட இதுதான் முதல் தேவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குள் பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தாலோ, இன்னொரு நாள் குளிர்ந்த இன்ஜினில் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலோ ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. மீட்டர் செலவை அப்புறம் பார்க்கலாம்.

கானாடுகாத்தான் ஜீப்:
ரொம்ப நன்றி அண்ணே. குமிழி பார்த்தேன், ஆரம்பத்தில் நாலைந்து வந்து நின்றுவிட்டது, மூடி போட்டுப் பத்து நிமிடம் ஓடியும் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. மூடி நீங்கள் சொன்ன மாதிரியேதான் கோட்டையூர் அண்ணே, ரப்பர் வெடித்திருந்தது. புதிது போட்டாச்சு.

பழைய சென்சாரைக் கழற்றி ஆச்சியின் காபிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் 430 ஓம், கொதிக்கும்போது 40 ஓம். சூடு ஏற ஏற ஓம் இறங்குகிறது, அதாவது சென்சார் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மரையில் யாரோ டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றியிருக்கிறார்கள், நகத்தால் பிய்த்துப் பிய்த்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

புதுக்கோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
அந்த டேப்தான் உங்கள் முள்ளை ஆறு வருடம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கும். இடையில் டேப் இருந்தால் ஓம் கூடும், ஓம் கூடினால் மீட்டர் குளிர் என்று காட்டும். மரையைப் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து செம்பு வாஷரோடு மாட்டுங்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் பட்டையையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். ஒருவேளை டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே ஏறி இறங்கினால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், மீட்டருக்குப் பின்னால் வோல்டேஜைச் சீராக்கும் சின்னப் பெட்டி இருக்கும், அது போயிருக்கும்.

புது மீட்டரை மாட்டும் முன் ஐஸ் தண்ணீரிலும் கொதிக்கிற தண்ணீரிலும் முக்கிப் பாருங்கள். 0, 100 இரண்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்தால் நம்பலாம்.

அலாரம் எத்தனையில் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் போல்ட்டுக்கு போல்ட் சூடு மாறும். ஒரு வாரம் சும்மா ஓட்டி எழுதி வையுங்கள். சாதாரணமாக ஏறுகிற உச்சத்துக்கு மேல் 10 டிகிரி கூட்டி அலாரம் வையுங்கள்.

கோட்டையூர் டீசல்:
தண்ணீர் எதை ஊற்றினீர்கள்? போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரும் குடிப்பதற்குத்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அவசரத்துக்கு வளவு முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் தேவலாம், ஆனால் கூலன்ட் இல்லாமல் ஓட்டினால் உள்ளே துருப்பிடிக்கும்.

கானாடுகாத்தான் ஜீப்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பள்ளத்தூர் பட்டறையில் மட்டம் பார்க்கிற சென்சார் பொருத்தினோம், கொஞ்சம் தண்ணீரை இறக்கிப் பார்த்தேன், பஸ்ஸர் சரியாக அடித்தது. நம்பர் மீட்டர் சென்சார் ஹெட்டின் பின்பக்கம் ஒரு பிராக்கெட் போல்ட்டில் இருக்கிறது.

திருப்பத்தூர் ரோட்டில் 60 வேகத்தில் 86. காரைக்குடி கடைத்தெரு நெரிசலில் 91. அணைத்த பிறகு ஐந்து நிமிடத்தில் 97 வரை ஏறுகிறது, முதலில் பதறிவிட்டேன், அப்புறம்தான் பம்ப் நின்றதும் ஹெட்டில் தேங்கிய சூடு அது என்று புரிந்தது. நத்தம் பக்கம் பாரத்தோடு மேடு ஏறியபோது 102 காட்டியது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி இன்ஜின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டால் நம்ம ஊர்ச் செம்மண் எண்ணெயோடு சேர்ந்து குழம்பாக வழிகிறது, கீழ்ப்பாதிச் செதில்களில் வெளிச்சமே தெரியவில்லை. கழுவி மாட்டிய பிறகு அதே மேட்டில் அதே பாரத்துக்கு 94. பழைய முள்ளும் இப்போது ஏறி இறங்குகிறது. அலாரத்தை 104இல் வைத்திருக்கிறேன்.

தேவகோட்டை பழைய ஃபிட்டர்:
சரியாக இருக்கிறது தம்பி. அடுத்த முறை கொடைக்கானல் போகும்முன் மேல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், கீழ் ஹோஸ் கிழிந்தால் அதுவும் அதே வயதுதான்.