டர்போ பெட்ரோல் வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? காற்றில் மிதித்தால் வெட்டுகிறது

ஒழுகினசேரி_ஓட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி, 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டியூன், டர்போ எதிலும் கை வைத்ததில்லை, கம்பெனி கொடுத்தது அப்படியே. போன வாரம் திருநெல்வேலியில் இருந்து திரும்பும்போது காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் எதிர்க்காற்று, இந்த மாதத்தில் அங்கே எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலாவது கியரில் ஒரு லாரியை முந்த மிதித்தேன், வண்டி படபடவென்று வெட்டியது, செக் இன்ஜின் லைட்டும் நாலைந்து தடவை மினுக்கி அணைந்தது. காலை எடுத்ததும் சரியாகிவிட்டது. டவுனுக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை.

சர்வீஸ் புத்தகத்தில் 40,000க்கு பிளக் மாற்றச் சொல்லியிருக்கிறது, நான்தான் தள்ளிப் போட்டுவிட்டேன். இப்போது வாங்கப் போனால், டர்போ என்றால் இரிடியம் முனை வைத்த பிளக்தான், எந்த இரிடியமும் ஓடும் என்கிறார் கடைக்காரர். டர்போ சூட்டுக்கு ஒரு நம்பர் கூல் பிளக் போடு என்கிறான் மச்சான். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வண்டி, தப்பாக ஒன்றைப் போட்டு இன்ஜினைக் கெடுத்துவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_பட்டறை:
தம்பி, கை வைக்காத இன்ஜினுக்குப் புத்தகத்தில் இருக்கிற நம்பர்தான். அதே ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை இறக்குகிற வேகம்), அதே கேப் (ஸ்பார்க் தாவுகிற இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி). இரிடியமா பிளாட்டினமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அது எத்தனை நாள் உழைக்கும் என்கிற கணக்கு, இன்ஜினுக்குப் பொருந்துமா என்கிற கணக்கு இல்லை.

கூல் பிளக் இன்ஜினைக் குளிர வைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உள்ளே நிற்கிற வெள்ளைப் போர்சிலின் மூக்கு குட்டையாக இருந்தால் அதன் சூடு சீக்கிரம் பிளக் மாட்டியிருக்கிற இன்ஜின் ஹெட்டுக்கு இறங்கிவிடும், அது கூல். மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க நேரமாகும், அது ஹாட். அந்த மூக்கு சுமார் 450, 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதுவே 800, 900 என்று ஏறிப் போனால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே மூக்குச் சூடே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும், டர்போ இன்ஜினில் அது பிஸ்டனுக்கே வினை. ஒரு நம்பர் மாற்றினால் 70 முதல் 100 டிகிரி வரை வித்தியாசம் வரும். டர்போவின் சூட்டைக் கணக்குப் பார்த்துத்தான் கம்பெனியில் அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேலும் ஒன்று ஏற்ற உங்களுக்குத் தேவையே இல்லை.

உங்கள் வண்டி வெட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேப்தான். டர்போ திணிக்கிற காற்றில், அதாவது பூஸ்டில், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, ஸ்பார்க் தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால்தான் டர்போ இல்லாத வண்டியில் 1.1 மில்லிமீட்டர் வரைகூட விடுகிற கேப்பை, டர்போவில் 0.7, 0.8 என்று குறுக்கி வைக்கிறார்கள். 46,000 ஓடினால் முனை தேய்ந்து கேப் அகன்றிருக்கும். டவுனுக்குள், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் சமாளித்துவிடும், எதிர்க்காற்றில் மிதித்து பூஸ்ட் ஏறும்போது அதற்குச் சக்தி பத்தாது. மறுபடி லைட் மினுக்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். பிளக்கைக் கழற்றும்போது எது எந்த சிலிண்டர் என்று எழுதி வைத்துவிட்டு, பார்த்ததை இங்கே சொல்லுங்கள்.

தக்கலை_ரீமேப்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நம்பர் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்கிறேன். என்ஜிகே, டென்சோ இரண்டு கம்பெனி பிளக்கிலும் ஹீட் ரேஞ்ச் எண் கூடினால் கூல். பாஷிலும் சாம்பியனிலும் நேர் எதிர், எண் குறைந்தால்தான் கூல். அப்புறம் என்ஜிகேயின் 6ம் டென்சோவின் 20ம் ஒன்று, 7க்கு 22. இது தெரியாமல் கம்பெனி மாற்றி வாங்கினால் கூல் என்று நினைத்து ஹாட்டைப் போட்டுவிடுவோம். என்ஜிகே நம்பரின் கடைசியில் கோடு போட்டு 11 என்று இருந்தால் அது 1.1 கேப், கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

என் வண்டி ரீமேப் செய்தது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் டியூனை மாற்றி பூஸ்ட் ஏற்றியிருக்கிறது, அதனால் ஒரு நம்பர் கூல் போட்டு கேப்பை 0.65க்குக் குறைத்தேன். மதுரை வரை விரட்டினாலும் ஒரு வெட்டு கிடையாது. ஆனால் அப்புறம் என் ஓட்டம் மாறிவிட்டது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட நாலு கிலோமீட்டர் போவேன், இன்ஜின் சூடேறும் முன்பே அணைத்துவிடுவேன். ஆறு மாதத்தில், அதுவும் மழைக்காலத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் மூக்கு முழுக்க விரலில் ஒட்டுகிற கரி. ரீமேப் செய்த வண்டிக்கே இந்தப் பாடு என்றால் உங்கள் வண்டிக்கு கூல் பிளக் வேண்டவே வேண்டாம்.

குளச்சல்_உப்புக்காற்று:
போலி பிளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே மக்கா. பாதி விலை என்று ஆன்லைனில் ஒரு செட் இரிடியம் வாங்கினேன். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் நடுமுனை 0.6 மில்லிமீட்டர்தான், ஊசி மாதிரி இருக்கும். எனக்கு வந்தது தடியாக, வளையத்தின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்தது. பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

மாட்டும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். குழியில் இருக்கிற மணலை, தூசியைக் காற்றடித்து எடுத்துவிட்டு, கையாலேயே கடைசி வரை திருகுங்கள், அலுமினிய ஹெட், ஒரு த்ரெட் குறுக்கே ஏறினால் பெரிய செலவு. அப்புறம், அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச். வாஷர் வைத்த பிளக்கில் 12 மில்லிமீட்டர் த்ரெட்டுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14க்கு 25 முதல் 30. உங்கள் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. லூசாக விட்டாலும் ஆபத்து, சூடு ஹெட்டுக்கு இறங்காது. த்ரெட்டில் கிரீஸ் தடவ வேண்டாம், வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். கேப் பார்க்கும்போது நடுமுனையில் எதையும் கொடுத்து நெம்பாதீர்கள், இரிடியம் உடைந்துவிடும்.

ஒழுகினசேரி_ஓட்டம்:
அண்ணாச்சி, கழற்றிவிட்டேன். புத்தகத்தில் கேப் 0.75, மூன்றிலும் 0.9க்கு மேல் இருக்கிறது. மூக்கு மூன்றும் இளம் பழுப்பு, கரி இல்லை. ஆனால் இரண்டாவது சிலிண்டர் பிளக்கின் வெளிப் போர்சிலினில், மேலே இருந்து இரும்பு வரைக்கும் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு. துணியால் துடைத்தாலும் போகவில்லை. இது என்ன?

மார்த்தாண்டம்_பட்டறை:
மூக்கு பழுப்பாக இருக்கிறதென்றால் ஹீட் ரேஞ்ச் சரி, நம்பரை மாற்றவே வேண்டாம். அந்தக் கோடுதான் உங்கள் வெட்டு. கேப் அகன்று உள்ளே தாவ முடியாத கரண்ட் வெளிப்பக்கமாகப் போர்சிலின் மேலேயே ஓடி இரும்பில் இறங்கியிருக்கிறது. அந்தக் காயிலில் இருந்து பிளக்கின் மேல் மாட்டுகிற ரப்பர் உறையை (பூட்) டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளேயும் அதே கோடு இருக்கும். பழைய ரப்பர் உறையை மாட்டினால் புது பிளக்கிலும் அதே வழியில் ஓடும், அந்த உறையையும் மாற்றுங்கள்.

ஒழுகினசேரி_ஓட்டம்:
ரப்பர் உறைக்குள் அதே கோடு இருந்தது. என் வண்டிக்கு பூட் தனியாகக் கிடைக்கவில்லை, இரண்டாவது காயிலையே மாற்றினேன், பிளக் மூன்றும் புத்தகத்தில் இருக்கிற நம்பர். நேற்று சாயங்காலம் காவல்கிணறு வரை போய்த் திரும்பினேன், முப்பந்தல் காற்றாடிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன, அதே எதிர்க்காற்று. நாலாவது கியரில் இரண்டு தடவை நன்றாக மிதித்துப் பார்த்தேன், ஒரு வெட்டும் இல்லாமல் தோவாளை வரை இழுத்து வந்தது. நேரம் எடுத்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. மச்சானிடமும் இதைப் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.