ஆறாம் மாதம்: சாப்பிட்டு ஓய்வெடுக்க எங்கே போகலாம்?

கேள்வி: வளைகாப்புக்கு முன் மனைவியோடு இரண்டு நாள் எங்காவது போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்க ஆசை. சென்னையிலிருந்து கிளம்புகிறோம். மலைப்பாதை வேண்டாம், அவளுக்குக் குமட்டும். ரயிலில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதில் 1: காரைக்குடிதான்! எழும்பூரிலிருந்து பல்லவன் ரயில் நேரே போகும். பால் பணியாரத்தை விட்டுவிடாதீர்கள்: பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் பொரித்து, தேங்காய்ப்பாலில் ஊறவிடுவார்கள், வாயில் வைத்தால் கரையும். அப்புறம் கவுனி அரிசி இனிப்பு. கறுப்பாக, நெய்யும் தேங்காய்த் துருவலும் மணக்க வரும். என் பிரசவத்துக்கு முன் நான் ஆசைதீரச் சாப்பிட்டது அதைத்தான்.

பதில் 2: மிளகுக் காரம் குறைக்கச் சொல்லுங்கள். இரவில் இடியாப்பம் போதும், நெஞ்செரிச்சல் வராது.

கேட்டவர்: சரி, காரைக்குடியே. கவுனி உடனே கிடைக்குமா?

பதில் 1: தங்குமிடத்தில் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அது வெகுநேரம் ஊற வேண்டும்.