கொடிகாமத்தில் மாமாவின் கடை

போர் நடக்கும் ஊரில் கடை வைத்திருந்தவர்கள் எல்லோருமே பதுக்கல்காரர்கள் என்று சிலர் பேசும்போது கோபம் வருகிறது. பதுக்கியவர்கள் இருந்தார்கள், அறா விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் நியாயமாக விற்க நினைத்தவர்கள் பட்ட பாட்டை, இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் உள்ள கொடிகாமத்தில் மாமாவின் பலசரக்குக் கடையில் நின்று பார்த்தவன் நான்.

1990இல் ராணுவத்துக்கும் புலிகள் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. கிடைத்த சாமானும் வவுனியாவில் சோதனைச்சாவடி தாண்டி, கிளாலிக் கடலில் இரவு வள்ளத்தில் வரவேண்டும். கூலி, இயக்கத்தின் வரி என்று வழியெல்லாம் விலை ஏறும்.

1995 ஒக்டோபர் 30இல், ராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில் லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு வந்தது. கடை வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார் நின்றார்கள். பால்மா கொஞ்சம்தான் இருந்தது. பழைய விலைக்குக் கொடுத்தால் அந்தக் காசில் அடுத்த சரக்கில் பாதிகூட எடுக்க முடியாது, நாளைக்கு வரும் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. விலையை ஏற்றினால் இப்போது வாசலில் அழும் பிள்ளைக்கு இல்லை.

அடுத்த சரக்கை எடுக்க எவ்வளவு வேண்டுமோ அந்த விலைக்கே, ஒரு சதம் லாபம் வைக்காமல் கொடுத்தார் மாமா. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு பெட்டி மட்டும். லாபத்தைச் சுருட்டு, வெற்றிலை பாக்கு விற்பதில் எடுத்துக்கொண்டார். ‘ஊர்ச் சனத்துக்குத் தராமல் வந்தவைக்குக் குடுக்கிறியோ?’ என்று பழைய வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதும் முழுப் பிழை இல்லை, கடையை அத்தனை வருஷம் தாங்கியவர்கள் அவர்கள்தானே. ஆனாலும் மாமா மாறவில்லை. காசில்லாதவர்களுக்குக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தார்.

1996 ஏப்ரலில் தென்மராட்சி ராணுவத்தின் கைக்கு வந்தது. சிப்பாய்கள் கடைக்கு வருவார்கள். விற்காவிட்டால் சந்தேகம், விற்றால் மறுபக்கத்துக்குத் துரோகி. சரி, காசு தருபவருக்குச் சாமான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை என்று இருந்தார். ஆனால் யார் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி வாங்குகிறார்கள் என்று ஒருநாள் கேட்டார்கள். அன்றிரவே கடன் கொப்பியை அடுப்பில் போட்டு எரித்தார். அதில் பெயர்கள் இருந்தன. அப்புறம் கடனை எழுதவே இல்லை, மனதில்தான் வைத்திருந்தார். திரும்பி வராத காசு நிறைய, அதற்காக அவர் யாரையும் கேட்கவும் இல்லை.