ஏர் ஃபில்டரை மாற்றினேன், மைலேஜ் வேறு இடத்தில் கிடைத்தது

கழுவித் திரும்பப் போடும் காட்டன் ஏர் ஃபில்டரை என் பெட்ரோல் காரில் மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். மைலேஜ் கூடும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தார்கள். கூடியதென்னவோ சத்தம்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள் ஓர் உறுமல். வண்டிக்கு வேகம் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் போட்டுக் கணக்குப் பார்த்தால் பழைய மைலேஜ்தான்.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. பெட்ரோல் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் வால்வு. சாதாரணமாக ஓட்டும்போது அது பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள ஃபில்டர் கொஞ்சம் தாராளமாகக் காற்று விட்டு என்ன ஆகப்போகிறது? எவ்வளவு காற்று வந்தாலும் சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் இன்ஜெக்டர் விடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டியபோதுகூட இன்றைய இன்ஜெக்ஷன் கார்களின் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. முழுக்க மிதிக்கும்போது பிக்கப்தான் அடிவாங்கியது. அடைத்த ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு, அங்கே அது உண்மையும்கூட.

இன்னொரு விஷயம், தூசியைப் பிடிக்க இந்தக் காட்டன் ஃபில்டரில் பூசும் எண்ணெய். நண்பர் காரில் இதே வகை ஃபில்டரைக் கழுவிய சர்வீஸ்காரர் எண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றிவிட்டார். அது காற்றோடு போய், காற்றை அளக்கும் சென்சாரின் முடி போன்ற கம்பியில் படிந்துவிட்டது. வண்டி திக்கித் திக்கி ஓட, செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்த பிறகுதான் சரியானது.

சரி, மைலேஜ் எங்கே கிடைத்தது? வலது காலில். டேஷ்போர்டில் அந்தந்த நொடிக்கான செலவைக் காட்டும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். தூரத்தில் சிவப்பு சிக்னல் தெரிந்ததும் கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் செலவு 0.0 என்று காட்டும். சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டு உருட்டினால் மிச்சம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அப்போது என்ஜின் ஐடிலிங்கில் ஓட பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும், பத்தாததற்கு வண்டி மேல் இருக்கும் கட்டுப்பாடும் குறையும்.

அடுத்தது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் 80-90-க்குள் நின்றதும் எனக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் டயர் காற்று (வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும்), சும்மா கிடந்த கூரை கேரியரைக் கழற்றியது. இவையும் கொஞ்சம் உதவின.

இப்போது பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிவிட்டேன். மைலேஜுக்காக இல்லை, தூசியை அது நன்றாகப் பிடிக்கும் என்பதால். டர்போ டீசலில் பெட்ரோல் வண்டி போல த்ராட்டில் வேலை இல்லை என்பதால் கணக்கு வேறாக இருக்கலாம். டேங்க் டு டேங்க் அளந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.